தீனி

பதினெட்டு லட்சம் துக்ரிக்.
கேட்க மலைப்பாய்த்தான் இருக்கும்;
கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை விலை விசாரித்ததும்
பாதி கரைந்துவிடும்.

ரொட்டிக்கடை ரசீதின் பின்பக்கம்
ஹூலன் எழுதி எழுதி அடிக்கிறாள்.
ராம் பதினாறு. அடித்துவிட்டு, எட்டு.
மறுபடி பதினாறு.
வண்ண விளக்கு வேண்டாம்.
கண்ணாடிப் பெட்டி வேண்டாம்
(இதற்கு மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது).

இழுத்து மூடிய கேம் கடையின் பழைய கார்டை
கன்சோரிக் தன் கோட்டுக்குள்ளிருந்து
பூனைக்குட்டி மாதிரி எடுத்துக் காட்டினான்.
மூன்று விசிறியில் ஒன்று முனகியது.
முனகலுக்கு நாற்பதாயிரம் குறைத்தாள்.
உலான்பாத்தரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
கையுறையைக் கழற்றாமல் பணம் எண்ண முடியாது.

யானை வாங்கியாயிற்று. தீனி?
மலிவான பவர் சப்ளையைத் தூக்கிப் பார்த்தாள்;
பிஸ்கட் தீர்ந்த டப்பாவின் கனம்.
நல்லதற்கு
பூட்ஸ் வாங்க வைத்திருந்த காசு போனது.

ராத்திரி இரண்டு மணி. மானிட்டருக்கு மிச்சமில்லை,
வீட்டு டிவியில் சொருகினாள்.
கறுப்பு.
கறுப்பு.
ராமைப் பிடுங்கி, ஊதி, அழுத்தினாள். டக்.

எழுத்துகள் வந்தன.
விளையாட்டு இறங்க இன்னும் ஒன்பது மணி நேரமாம்.
விரல் தெரியும் பழைய பூட்ஸைப்
பெட்டியின் பின்னால், வெதுவெதுப்பாய்க் காற்று வரும் பக்கம்
காயவைத்துவிட்டுப் படுத்தாள்.