எண்பத்தேழாம் பெட்டி

லாரி என்னுடையது.
தேனீக்கள் குலிசாருடையவை.
கடன் மட்டும் இருவருக்கும் பொது.

அதானாவில் ஆரஞ்சுப் பூ கொட்டி முடிந்த அன்று
இருட்டியதும் பெட்டிகளின் வாசலை அடைத்தோம்.
நூற்று எண்பது வீடுகள், குடித்தனத்தோடு.
வெயில் ஏறினால் மெழுகு இளகும்,
உள்ளே மூச்சு முட்டும்.
சோதனைச் சாவடிக்காரருக்கு
இந்த அவசரம் புரிவதில்லை,
ஒரு முறை கொட்டு வாங்கும்வரை.

என் பக்கத்து இருக்கைதான் அவள் அலுவலகம்.
மடியில் கைபேசி,
காலிடுக்கில் தேநீர்க் குடுவை,
கதவில் செருகிய ரசீதுப் புத்தகம்.
அதில் கடைசியாக எழுதியது
எவனோ பஞ்சர் ஒட்டியதற்கு.

முதல் கைபேசியில் நாங்கள் பேசியது இரண்டே வாக்கியம்:
வந்துவிட்டோம். பணம் அனுப்பு.
அடுத்ததில் எழுத்து வந்தது;
சொன்ன விலையை
சொல்லவில்லை என்று சாதிக்க முடியாமல் போயிற்று.
அதற்கடுத்ததில் படம்.
இஸ்மிரில் உட்கார்ந்துகொண்டே தெவ்ஃபிக்
தேனின் நிறத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
கிலோவுக்கு மூன்று லிரா குறைத்தான்.
இப்போது பெட்டிகளே பேசுகின்றன.
அடியில் தராசு, தராசுக்குள் ஒரு சிம்,
மணிக்கொரு தரம் எடை.
எங்களை யாரும் கேட்பதில்லை.

போன வாரமே அறுபது பெட்டிகளை
சிவாஸ் மேட்டில் இறக்கியிருந்தோம்.
அவற்றில் எண்பத்தேழாம் எண்
நாலு நாளாக வாய் திறக்கவில்லை.
கரடியா என்றேன்.
இல்லை, பழைய சிம், என்றாள்.
அந்தச் சரிவில் பழைய அலையை நிறுத்திவிட்டார்களாம்.
புதியது இவளுடைய கோட்டுப் பையில்,
நகத்தளவு, காகிதத்தில் மடித்து.

கைசேரிக்கு முன் தெவ்ஃபிக் அழைத்தான்.
எண்பத்தேழு என்ன எடை?
அவள் கண்ணை மூடி, வலக்கையை
காற்றில் கொஞ்சம் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:
முப்பத்தொன்று. எழுதிக்கொள்.
எழுதிக்கொண்டான். முன்பணம் வந்து விழுந்த ஒலி
எஞ்சின் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

பிறகு நான்கு கோடு மூன்றாயிற்று,
மூன்று ஒன்றாயிற்று,
கணவாயில் ஒன்றுமே இல்லை.
திரையைக் கவிழ்த்து வைத்தாள்.
பதினொரு கிலோமீட்டர்
அவளிடம் யாரும் எதுவும் வாங்கவில்லை.
உன் முதுகு எப்படி இருக்கிறது, ஸெலாமி?
இந்த வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.
வலிக்கிறது என்றேன்.
உம் என்றாள்.
இறக்கத்தில் ஒரு கோடு முளைத்ததும்
பதினேழு செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன.

விடியும்போது மேட்டை அடைந்தோம்.
கேவன் முட்செடிகள் இளஞ்சிவப்பாகப் பூத்து
ஒரு சரிவு முழுக்கப் படர்ந்திருந்தன,
இடையன் அனுப்பிய படத்தில் இருந்ததைவிடக் குறைவாக.
அவள் நேரே எண்பத்தேழிடம் போனாள்.
பின்பக்கம் குனிந்து ஒரு கையால் தூக்கினாள்.
முப்பத்தொன்று, என்றாள் பெட்டியிடம்.
சிம்மை மாற்றினாள்.
ஒரு சின்ன விளக்கு சிவந்தது, பிறகு பச்சை.

இருபத்தாறு.

மறுபடி தூக்கினாள்.
மறுபடி இருபத்தாறு.
இடக்கையால் தூக்கினாள்.
தன் கையையே
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள்.
ஐந்து கிலோ. தெவ்ஃபிக்கின் பணத்தில் ஐந்து கிலோ.

போன வருடம் என்றால்
சிக்னல் இல்லை என்று
இரண்டு வாரம் ஓட்டியிருக்கலாம்.
இந்த மேட்டில்தான் அந்தச் சாக்கு குடியிருந்தது.
இப்போது எதிர்க்குன்றில்
கோபுரம் ஒன்று, பூச்சு காயாத வெள்ளையில்.
கோபுரம் மலையேறியதும்
சாக்கும் மலையேறிவிட்டது.
நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன,
சாட்சி சொல்ல வந்தவர்கள்போல.

இருபத்தாறு, மன்னித்துவிடு, என்று
ஒரு விரலால் எழுதினாள்.
அனுப்பினாளா, தெரியாது.
முதலில் தேநீர், என்று
கைபேசியைப் பெட்டியின் மூடிமேல் வைத்தாள்.

குடுவையைத் திறப்பதற்குள் அது அதிர்ந்தது.
மூடிக்குக் கீழே நாற்பதாயிரம் பேர்
ஒரு கணம் வேலையை நிறுத்தினார்கள்.
பிறகு தொடர்ந்தார்கள்.