டிரிப் ஷீட்

காலை ஐந்து நாற்பது. முதல் சிங்கிள்.
கட்டில்தான் பேட்டை, அங்கிருந்து எடுக்கணும்.
வலது கால் தரை தொட ஒரு விசில்,
இடது காலுக்கு இரண்டு.
அது பழைய வண்டி.
சாவி போட்டதும் கிளம்பாது, நாலு பேர் தள்ளணும்.
தள்ள நான் ஒருத்தன்.

இருபத்தாறு வருஷம் தோல்பையும் விசிலுமாக
இந்த ஊரை நீளவாக்கில் போய்ப் போய் வந்தவன்.
ஆர்ச்சில் ஏறுகிறவர் ஜங்ஷனா, ஹைகிரவுண்டா,
முகத்தைப் பார்த்தே டிக்கெட் கிழிப்பேன்.
ஒரு பங்குனி மதியம், ஈரடுக்குப் பாலத்து மேல்,
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த இடது கை
எண்ணிக்கையை விட்டுவிட்டது.
அன்றைக்கு ஹைகிரவுண்டுக்கு
டிக்கெட் எடுக்காமல் போனது நான்தான்.

கை கால் போனதைக்கூட ஒத்துக்கிட்டேன்.
பின்னாலேயே ஒன்று வந்தது.
அழுகை இல்லை. கோபமும் இல்லை.
டெப்போவின் கடைசி மூலையில்
பேட்டரி கழற்றின வண்டி நிற்குமே,
கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் பேர் எழுதி,
அப்படி நின்றேன் எட்டு மாசம்.
பல் நாளைக்குத் தேய்க்கலாம்.
சோறா, வை, அப்புறம்.
மேற்கே மலை கழுவிவிட்ட மாதிரி தெரிந்தாலும்
யாரோட மலையோ என்றிருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார். இன்னும் போடுகிறேன்.
பிசியோதெரபிக்கு வந்த பிள்ளை ஜெபகனி,
ஒரே நேரத்துக்கு எந்திரிங்க, ஒரே தூரம் நடங்க என்றது.
எங்கே நடக்க?
"உங்களுக்குத் தெரியாத ரூட்டா?"

அன்று ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்
ஸ்டேஜ் பிரித்தேன்.
கட்டில், பேட்டை. நிலைப்படி, டவுன் ஆர்ச்.
குழாயடி, ஜங்ஷன்.
வாசலின் மூன்று படியும் சேர்ந்து சுலோச்சன முதலியார் பாலம்,
கைப்பிடி இருக்கு, ஆறுதான் இல்லை.
முருங்கை மூடு, முருகன்குறிச்சி.
முக்கு டெய்லர் கடையில் திருப்பம்.
போக நூற்றுப் பதினாலு எட்டு. வர அதே.
பதினொன்றுக்கு ரெண்டாம் சிங்கிள், அடுப்படி வரை மட்டும்.
வலது கை உள்ளி உரிக்கும்.
இடது கை, பேப்பர் பறக்காமல் மேலே கிடக்கும்.
அதுவும் டியூட்டிதான்.

எல்லா நாளும் ஓடாது.
ஐப்பசியில் நாலு நாள் தொடர்ந்து 'டிரிப் கட்'.
காரணம் என்ற இடத்தில் மழை என்று எழுதியிருக்கலாம்.
மழை இல்லை.
நாலாம் நாள் உலகம்மாள் காப்பியைக் கையில் தரவில்லை.
குழாயடிக் கல்லில் வைத்துவிட்டு
மில்லுக்குக் கிளம்பினாள்.
ஏட்டி, இங்க கொண்டாயேன் என்றேன்.
"காப்பி ஜங்ஷன்ல நிக்கி. ஏறி வாரும்."
கதவு சாத்தின சத்தம்.
வைதேன். அவள் அண்ணன் தம்பி எல்லாரையும் வைதேன்.
வெயில் கட்டில் கால் வரை வந்து, ஏறி,
என் முட்டில் உட்கார்ந்தது.
பத்தே காலுக்கு எடுத்தேன் வண்டியை.
நாலரை மணி நேரம் லேட்.
காப்பியில் ரெண்டு எறும்பு.
ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.
சீனி தூக்கல்.

இடது காலில் செருப்பு கழன்றால் எனக்குத் தெரியாது.
டிக்கெட் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டும் போட்டாச்சு.
நான் பாட்டுக்குப் போவேன்,
அது முருகன்குறிச்சியில் நிற்கும்.
கடைக்குள்ளிருந்து மைதீன் பிச்சை
தையல் மெஷினை நிறுத்திக் கத்துவார்:
"ஹோல்டான்! கண்டக்டரே, ஒரு டிக்கெட் எறங்கிட்டு!"

நிற்பேன். திரும்பி பதினோரு எட்டு.
குனிய ஒரு நேரம், மாட்ட ஒரு நேரம்.
பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
ஆள் ஏறாமல் எடுக்கிற வழக்கம்
நமக்குக் கிடையாது.