ஏழாம் கருமபீடம்

தமிழில் அழுகிறவர்களை
என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.
இந்த மாடியில் எனக்கு மட்டும்தான் அது விளங்கும் என்பது
ரணவீர மாத்தையாவின் நம்பிக்கை.

இன்றைக்கு முகத்துவாரத்திலிருந்து ஒருத்தி.
பெயர் மெற்றில்டா. தையல் ஆலையில்
சட்டைக்குக் கழுத்துப்பட்டி பொருத்துகிறவள்.
அரைநாள் லீவு, நனைந்த குடை,
பொலித்தீன் பைக்குள் ஒரு கடதாசி.

"மிஸ், என்னோட பார்சல் இங்கதான் நிக்குதாம்."

நிற்கவில்லை. அது எங்கிருந்தும் புறப்படவேயில்லை.
ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லக்கூடாது.
முதலில் கடதாசியை வாங்க வேண்டும்,
இரண்டு கையாலும்,
ஒரு பிறப்புச் சான்றிதழை வாங்குவதுபோல.

அழகான கடதாசி. எங்களுடையதைவிட அழகு.
எங்கள் முத்திரை எப்போதும் பாதிதான் விழும்,
மை காய்ந்திருக்கும், திகதி சரிந்திருக்கும்.
இதில் எல்லாம் நேர்.
சிங்கம் மட்டும் மறுபக்கம் திரும்பி நிற்கிறது,
வாளை இடக்கையில் பிடித்துக்கொண்டு.

அனுப்பியவர் கப்பல் கப்டன். மனைவியை இழந்தவர்.
நாய்க்குட்டியோடு ஒரு படம்.
பேஸ்புக்கில் தொடங்கி நாலு மாதம்,
ஒவ்வொரு இரவும் கேட்டிருக்கிறார்,
இயந்திரம் பெயர்த்துக் கொடுத்த தமிழில்:
"நீ உணவு செய்து முடித்தாயா என் இருதயம்?"
முதலில் சிரித்தாளாம். பிறகு பழகிவிட்டதாம்.

பெட்டிக்குள் சங்கிலி, போன், டொலர்க் கட்டு.
சுங்கத்துக்கு எண்பத்தையாயிரம்.
கட்டிய பிறகு இன்னொரு நாற்பது.
"இதை மூன்றாம் நபருக்கு வெளிப்படுத்தாதே என் இருதயம்."
காசு போனது குருநாகலில்
யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு.
அரசாங்கத்துக்குப் பசிக்கும், உண்மைதான்;
ஒரு தனியாளின் பெயரில் பசிக்காது.

முன்பென்றால் கேட்டிருப்பேன்:
"எப்பிடியக்கா இதை நம்பினீங்கள்?"
கேட்டுவிட்டு, யன்னலுக்கு வெளியே
பேர வாவியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன வியாழன் வரைக்கும்.

வியாழன், நூற்று முப்பத்தெட்டில் நின்றபடி,
கம்பியில் ஒரு கை, போனில் ஒரு கை.
"உங்கள் பொதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.
தொண்ணூற்றைந்து ரூபா செலுத்தவும்."
பத்தொன்பது வருசமாகப் பொதிகளுக்குள் இருக்கிற நான்,
எனக்கு எவரும் எதுவும் அனுப்புவதில்லை என்று தெரிந்த நான்,
யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.
அவ்வளவுதான். நினைத்தேன்.
அட்டை இலக்கம் பதினாறையும் குத்தினேன்.
வங்கி ஆறு இலக்கம் அனுப்பியது.
நாலாவதில் போன் செத்தது.

அறிவு அல்ல. பற்றரி.

வீட்டில் சார்ஜ் போட்டுப் பார்த்தபோதுதான்
அந்த ஆறு இலக்கத்துக்குக் கீழே
வங்கி எழுதியிருந்த தொகையை வாசித்தேன்.
மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

ஆகவே மெற்றில்டாவுக்குக் கதிரை போட்டேன்.
எவ்வளவு, எப்ப, எந்த வங்கி
என்பதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
"போனில ஒண்டையும் அழிக்காதீங்கோ,
அந்த நாய்க்குட்டியையும்.
வங்கிக்கு இப்பவே போங்கோ, பிறகு பொலிசுக்கு.
போன காசை எடுத்துத் தாறன் எண்டு
இனி ஒருத்தன் வருவான்.
அவனும் இவன்தான்."

தலையாட்டினாள். வாசல்வரை போய்த்
திரும்பி வந்தாள்.
"மிஸ், பார்சல் இல்லன்னு
ஒரு துண்டு எழுதித் தருவீங்களா?"

ஆருக்குக் காட்ட?

"எனக்குத்தான்.
இன்னைக்கு ராவும் கேப்பாரே, சாப்பிட்டியான்னு."

இல்லாத பொதிக்கு எங்களிடம் படிவம் இல்லை.
வெற்றுத் தாளில் எழுதினேன்,
அவள் பெயர், திகதி, ஒரு வரி.
முத்திரை குத்தினேன்.
பாதிதான் விழுந்தது.