லாந்தர்ஸ்

தடைக்காலத்தில்தான் கூடுவோம்.
ஐஸ் கம்பெனி ஓடாது,
மரத்தூள் வாடையோடு பின்னறை சும்மா கிடக்கும்.
பாம்பனில் நாலு பேர்.
ஐந்தாவது ஆள் எங்காவது இருந்தால்
இன்னும் வந்து சேரவில்லை.

பேச்சு ஒன்றே ஒன்று:
அறுபத்தாறில் கொழும்பு ரேடியோவில் பாடிய
லாந்தர்ஸ்.
நாலு பையன்கள், மூன்று கித்தார், ஒரு டிரம்.
அதற்கு மேல் தெரியாது.
முகம் பார்த்ததில்லை.

இபுராம்சா மட்டும் பார்த்தாராம்.
பம்பலப்பிட்டியில் மாமா கடைக்கு
அவர்களில் ஒருத்தன் குடை வாங்க வந்தானாம்,
மூங்கில் பிடி, கறுப்புத் துணி,
பத்து சதம் குறைத்துக் கேட்டானாம்.
என்ன வாசிக்கிறவன் என்றால்
வருஷத்துக்கு ஒரு வாத்தியம் மாறும்.
குடை மாறாது.

பாட்டுகளுக்குப் பெயர் நாங்களே வைத்தோம்.
விசில் பாட்டு. ரயில் பாட்டு.
இன்னாசிக்கு உயிர், இருமல் பாட்டு:
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
ஒருத்தன் லேசாக இருமுவான்.
'அந்த இருமலுக்காகத்தான் கேட்கிறது' என்பான்,
'மத்ததெல்லாம் பாட்டு.'

இங்கிலீஷ் அன்றைக்கு எவருக்கும் வராது.
பல்லவியில் வந்த அந்தச் சொல்
இன்னாசிக்கு 'ஏலே சாளை',
இபுராம்சாவுக்கு 'யாரு லைலா',
எனக்கு 'ஏணி சாயுது'.
எதற்கு ஏணி, எதில் சாய்கிறது,
ஐம்பது வருஷமாக நான் யோசித்ததுண்டு.
கொண்டல் அடித்தால் பாட்டு தெளியும் என்பான் இன்னாசி.
ரேடியோ பிரித்துப் பூட்டிய கை இது,
காற்றுக்கும் அலைவரிசைக்கும் சம்பந்தமில்லை என்பேன்.
ஆனாலும் தெளியத்தான் செய்தது.

ஜெசிந்தாக்கா அதிகம் பேசாது.
பாசி எடுத்துக் கரையேறிய பொழுதுகளில்
கஸ்டம்ஸ் குவார்ட்டர்ஸ் சுவருக்கு வெளியே
ஈரப் பாவாடையோடு நின்று கேட்டது அது.
அதற்குப் பிடித்த பாட்டில்
நடுவே ஒரு பொம்பளைக் குரல் வருமாம்,
அழுகிறதா கூப்பிடுகிறதா என்று பிடிபடாமல்
கித்தாருக்கு அடியில் போய்
திரும்ப மேலே வருமாம்.
'லாந்தர்ஸில் பொம்பளை கிடையாதுக்கா.'
பதினோரு தடைக்காலமாகச் சொல்கிறோம்.
'இருந்தா' என்று சொல்லிவிட்டுத்
தேத்தண்ணி ஆற்றும்.

இந்த வருஷம் தட்டு வந்தது.
இபுராம்சா மருமகன் கண்டியில் ஏதோ பழைய கடையில்
வெற்றிலைத் தாம்பாளங்களுக்கு அடியில் எடுத்தான்.
அட்டையில்லை, ஆகவே
இந்தத் தடவையும் முகமில்லை.
பிளேயருக்கு பெல்ட் நான் போட்டேன்,
சைக்கிள் டியூபை நறுக்கி.

விசில் இருந்தது. ரயில் இருந்தது.
பல்லவி வந்தபோது
எங்கள் மூன்று பேர் சொன்னதும் அதில் இல்லை.
சிரித்தோம்.
அடுத்தது இருமல் பாட்டு,
இரண்டாம் சரணம் வந்தது, போனது.
இன்னாசி ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தான்.
இல்லை.
'துடைச்சு எடுத்திட்டானுவ' என்றான்,
வலையை எவனோ அறுத்தது மாதிரி முகம்.

பிறகு ஜெசிந்தாக்காவின் பாட்டு.
கித்தார், கித்தார், டிரம்.
சுத்தமாக, கழுவின தட்டு போல.
முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் ஓடியது.

எனக்குக் காரணம் தெரியும்.
பொழுது சாய்ந்தால் தூரத்து ஸ்டேஷன்கள்
ஒன்றின் மேல் ஒன்று ஏறும்,
கடல் மேல் இன்னும் மோசம்.
வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.
'சொல்லுடா மெக்கானிக்கு' என்றது.
சொன்னேன்.
வேறு ஊர், வேறு பாட்டு, வேறு யாரோ ஒருத்தி.

கொஞ்சம் யோசித்தது.
'அப்ப ரெண்டு பேரும்
நான் நின்ன இடத்துலதான் சந்திச்சிருக்காங்க.'

தட்டை நிறுத்தச் சொன்னது.
தானே பாடியது, சொல் இல்லாமல்,
மேல்குரல் அந்தப் பையன்கள்,
மூச்சு இறங்கும் இடத்தில் அவள்.
இபுராம்சா மீன்பெட்டியில் தாளம் போட்டார்.
எனக்கு முதல் தடவையாக அந்தப் பொம்பளை கேட்டாள்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்,
சரியான இடத்தில்,
இன்னாசி இருமினான்.