பச்சை வளையம்

வல்லூறு வந்ததை முதலில் சொன்னவை
தவிட்டுக்குருவிகள்.
முருங்கைக்குள் ஏழும் ஒரே வாயாய்க் கத்த,
அணில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.
நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

புறா அளவுதான்.
முதுகு, புதிதாய்க் கடைந்த இரும்பின் சாம்பல்.
நெஞ்சில் குறுக்கே காவிக் கோடுகள்.
கண் மட்டும் அப்போதுதான் யாரோ பற்றவைத்தது.
சின்னவேடம்பட்டித் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில்
மேலிருந்து மூன்றாம் படி, அதன் இடம்.

கணபதிப் பட்டறையில்
பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைபவன் நான்.
நூறில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்
சூப்பர்வைசர் ஸ்கிராப்பில் வீசிவிடுவார்.
அந்தக் கைக்கு
இந்தப் பறவை எப்போதும் ஒரு சாண் தள்ளியே சிக்கியது.
வால் மட்டும் உள்ள படம்.
வெறும் ஏணி உள்ள படம்.
ஏணியும் இல்லாத வானம், நாற்பத்தாறு.

தீபாவளி போனஸில் வாங்கிய பழைய கேமரா.
லென்ஸ் முழநீளம்.
"பொண்ணு பாக்க வந்தப்ப
என்னைய நிமுந்து பாக்காத மனுசன்" என்று
பூங்கோதை சட்னிக்குத் தாளித்தாள்.

தொட்டிக்கு நேர் பின்னால்
அமிர்தவல்லி டீச்சர் துணி காயப்போடும் மாடி.
சத்தியமாய் எனக்கு அது தோன்றவே இல்லை.
ஞாயிறு காலை அவர் வீட்டுக்காரர் வந்து
"ஏனுங், எதைப் புடிக்கறீங்க?" என்றார்.
மரியாதை குறையாத குரல். அதுதான் சுட்டது.
அவரோடே போய் அவர் வாசலில் நின்று
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களையும்
ஒவ்வொன்றாய்த் தள்ளிக் காட்டினேன்.
இருநூறைத் தாண்டியபோது
டீச்சரே வெளியே வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.
"இது ஆணா, பொட்டையா?"
"கண்ணு செவப்பா இருந்தா ஆணுங்க டீச்சர்.
இது மஞ்சளு. பொட்டை."
மறுநாள் துணிக்கொடி கிழக்குப் பக்கம் மாறியிருந்தது.

ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஊருக்குள் இறங்கியது.
தகரங்கள் படபடத்த ஒரு சாயங்காலம்
மேற்கேயிருந்து தாழப் பறந்து வந்தது அது,
காற்றை வெட்டாமல்
காற்றுக்குள் ஒளிந்து.
ஒரு நொடியை இரண்டாயிரமாய் நறுக்கியதில்
ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது:
விரிந்த வால், நீட்டிய கால்,
விரல்களுக்குள் ஒரு புறாக்குஞ்சு.
குஞ்சின் வாய் திறந்திருந்தது.
முதல்முறையாக
மயிரிழை பிசகவில்லை.
கத்திவிட்டேன், சந்தோசத்தில்தான்.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான்
குஞ்சின் காலில் பச்சை வளையம்.

பின்வீதி ரியாஸ் மாடியில் புறா வளர்க்கிறான்.
பன்னிரண்டாம் வகுப்பு.
பொழுது சாயும்போது விசிலடித்துக் கூட்டி எண்ணுவான்.
அன்றைக்கு மூன்று தடவை எண்ணினான்.

அடுத்த ரெண்டு நாள்
வேலை முடிந்து சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன்.
மூன்றாம் நாள் மாவுமில்லில் பிடித்துவிட்டான்.
"அண்ணா, உங்க கேமராவுல எதாச்சும் மாட்டுச்சுங்ளா?"

போனைக் கொடுத்தேன்.
மாவு அரைபடும் சத்தம்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தான்,
வளையம் வரை,
பிறகு அந்த மஞ்சள் கண் வரை.
"இருவத்தாறு நாளுங்ணா.
இந்த வாரம் பறந்திருக்கும்."
கொஞ்ச நேரம் கழித்து,
"றெக்கை நுனி கலங்கியிருக்குதுங்ணா."

கலங்கித்தான் இருந்தது.
அத்தனை நாளும் அதை நான் பார்க்கவில்லை.

இப்போது அவன் மாடிக்கு நைலான் வலை போட்டிருக்கிறான்.
தொட்டி ஏணியில் அது வந்து உட்கார்ந்தால்
ரெண்டு விசில் கேட்கும்.
நீளமானது புறாக்களுக்கு.
குட்டையானது எனக்கு என்று நினைக்கிறேன்.
கேட்டுக்கொள்ளவில்லை.
பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே
கேமராவை எடுக்க ஓடுகிறேன்.