கறைக் கணக்கு

ஏப்ரல் முதல் ஆட்டத்தன்று பனி விழுந்தது.
ஈரி ஏரிக் காற்று
கொடிக்கம்பத்தில் தலையை மோதிக்கொண்டது.
நானூறு பேர் வந்ததாக வாயிற்காவலர் சொன்னார்,
பலகையில் ஆயிரத்து இருநூறு என்று போட்டார்கள்.
எனக்கென்ன.
கீழே, படிக்கட்டுக்கும் கொதிகலனுக்கும் நடுவில்
மூன்று சலவை இயந்திரங்களும் நானும்.
மூன்றாவது போன வருடமே செத்துவிட்டது,
அதன்மேல் சோப்புத்தூள் வைத்திருக்கிறேன்.

எல்ம்ஹார்பர் நாரைகள்.
நெஞ்சில் ஒற்றைக்காலில் நிற்கும் நீலப் பறவை.
இந்த அணிக்கு
ஊன்றிக்கொள்ள அவ்வளவுதான் கிடைத்தது.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
தலைக்குமேல் கால்கள் அதிர்ந்தால்
ஏதோ நடந்திருக்கிறது.
அதிராவிட்டால் வழக்கம்போல்.
இரவு பத்தரைக்குக் கூடை வரும்.
வென்ற இரவில் பாதிச் சட்டைகள்
கூடைக்கு வெளியே கிடக்கும்.
தோற்ற இரவில் மடித்து வைத்திருப்பார்கள்,
தப்புச் செய்த பிள்ளைகள் போல.

மிச்சத்தைத் துணி சொல்லும்.
ஷார்ட்ஸ்டாப் பெரால்ட்டாவின் இடது தொடையில் செம்மண்:
இரண்டாம் பேஸுக்குச் சறுக்கியிருக்கிறான்.
கேட்சர் வோய்னரின் முதுகில் உப்பு,
தினமும் வேறொரு நாட்டின் வரைபடம்.
சென்டர் ஃபீல்டில் லெமுவல் குவார்ல்ஸ்,
நாரையின் அலகு பச்சையாகும்வரை
நெஞ்சால் புல்லை உழுவான்.

மே மாதம் ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள்.
வோய்னரின் பனியனில் ஊக்கு குத்திய சீட்டு:
துவைக்காதே.
துவைக்கவில்லை.
கதவைத் திறந்துவைத்து வேலை செய்தேன்.
எட்டாவதில் தோற்றார்கள்.
கடவுளுக்கும் மூக்கு இருக்கிறது.

நாற்பத்தொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
முதலில் அது நைக்விஸ்ட், ஆங்கிலத்தில் ஏழு எழுத்து,
வேகமாகப் போடுவான், எங்கே போகும் என்று
அவனுக்கும் தெரியாது என்றார்கள்.
மூன்று வாரத்தில் அனுப்பிவிட்டார்கள்.
நூலைப் பிரித்து அப்ரேயு என்று தைத்தேன், ஐந்து எழுத்து.
அவன் முழங்கை போயிற்று.
பிறகு டொம்ப்ரோவ்ஸ்கி,
பத்து எழுத்து, தோள் போதவில்லை,
வானவில் மாதிரி வளைத்துத் தைத்தேன்.
ஆறு ஆட்டம்.
அவர்கள் முகம் எனக்குத் தெரியாது,
தோளின் அகலம் தெரியும்.
பெயரைப் பிரித்தாலும் ஊசித் துளைகள் மூடுவதில்லை.
விளக்குக்கு நேராகப் பிடித்தால்
மூவரும் ஒருவர்மேல் ஒருவராக
எதையோ ஒரே நேரத்தில் சொல்ல வருகிறார்கள்.

ஜூன் எட்டாம் தேதி
குவார்ல்ஸின் சட்டை வெள்ளையாக வந்தது.
ஒன்பதாம் தேதியும்.
வெறும் வியர்வை.
பந்து முன்னால் விழட்டும் என்று
நின்று எடுக்கிறான் என்று பொருள்.
வலது கைமடிப்பில் வலிக்களிம்பின் எண்ணெய்த் தடம் வேறு.
மேனேஜருக்கு இது தெரிய ஜூலை பிறக்க வேண்டியிருந்தது,
அதன்பின் பெஞ்சில் உட்காரவைத்தார்.
மூன்று வாரம்
களிம்புத் தடத்தை மட்டும் தனியாகத் தேய்த்துக்
கூடையில் சேர்த்தேன்.
நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை,
என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஆகஸ்டில் பதினொரு தோல்வி வரிசையாக.
இப்போது எல்லாவற்றையும் இரண்டு முறை துவைக்கச் சொன்னார்கள்.
தொப்பியை, காலுறையை,
பெரால்ட்டா தன் கையுறையையே நீட்டினான்.
தோல், தம்பி, இது தண்ணீரில் செத்துவிடும் என்றேன்.
செத்துத்தான் கிடக்கிறது என்றான்.

ஐம்பத்தேழு வெற்றி, எண்பத்திரண்டு தோல்வி,
மீதி ஒரே ஒரு ஆட்டம்.
எதையும் மாற்றாத ஆட்டம்.
முதலிடத்து அணி தன் நல்ல ஆட்களை
ஏற்கனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தது.
ஒன்பதாம் இன்னிங்ஸில் கூரை அதிர்ந்தது,
இறந்த இயந்திரத்தின்மேல் சோப்புத்தூள் டப்பா
ஓரம்வரை நகர்ந்தது.

கூடை வருவதற்கு முன் குவார்ல்ஸ் வந்தான்.
பதினெட்டு மாதத்தில் முதல்முறையாகப் படி இறங்கி,
இடதுகையால் சட்டையை நீட்டினான்.
கழுத்திலிருந்து இடுப்புவரை பச்சை.
நாரை மூழ்கிப்போயிருந்தது.
வலதுகையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தான்.

இது போகுமா, மிஸ் பிருட்டே?

போகாது என்றேன்.

தலையாட்டிவிட்டு மேலே ஏறினான்,
ஒவ்வொரு படியாக.

குளிர்ந்த தண்ணீர், கால் கோப்பை வினிகர்,
இருபது நிமிடம்.
பத்தொன்பது வருடமாகப் போக்கிக்கொண்டிருக்கிறேன்.