கடலை

மறியலுக்குள் சாமி வந்தது
வெள்ளிக்கிழமைகளில், மூன்று மணிக்கு,
ஒரு ஓட்டோவில்.
சட்டம் போட்ட கோணேசர் படம்,
காற்று ஒழுகும் ஆர்மோனியப் பெட்டி,
பழைய தபாலதிபர் கனகேந்திரம்,
அவர் மடியில் எவர்சில்வர் வாளி.
வாளிக்குள் தாளித்த கடலை.

உள்ளதைச் சொல்கிறேன்,
நான் போனது கடலைக்குத்தான்.
கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டு,
அந்த மணத்துக்கு எவனும் கைகூப்புவான்.
தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டே
கிண்ணியா லாபிர் சொல்லுவான்:
"கடலைச் சாமி கூப்பிடுது, ஓடு மச்சான்."
ஓடுவேன்.
வாய் பாடும். கண் வாளியில்.

சல்லிக்கு வெளியே, விடியமுன்,
திரியைக் குட்டையாய் வெட்டியது நான்.
எறியச் சொல்லிக் கொடுத்தது அவனிடம்.
படகில் போனது நாலு பேர்,
திரும்பியது மூன்று.
மீன் வந்தது,
வயிறு மேலாக, வெள்ளை வெள்ளையாய்.
அதையும் அள்ளினோம். விற்றோம்.
இதைக் கோட்டில் நான் சொல்லவில்லை.

பெற்றோல் இல்லாத நாட்களில் ஒரு வெள்ளி.
ஓட்டோ வரவில்லை.
கதவைத் திறந்த கார்ட் ஜயலத்
"அத நே" என்றான், இன்றைக்கில்லை.
எல்லாரும் திரும்பினார்கள்.
நானும்தான்.
செருப்பைக் கொழுவின கால்
ஏனோ கழற்றிவிட்டு உள்ளே போனது.

வெறும் சுவர். படம் மாட்டும் ஆணி.
குளிர்ந்த சீமெந்து.
ஒரு பாட்டும் முழுதாய் நினைவில்லை.
மதிலுக்கு அப்பால்
இரண்டு வருடமாய் அது இரைந்துகொண்டிருந்திருக்கிறது.
கடலை கேட்டு வந்தவன்
கடலைக் கேட்டேன்.

பேர் சொல்லிக் கூப்பிடு என்பார் கனகேந்திரம்,
ஆயிரம் பேர் உண்டு, எதுவும் பிழையில்லை.
வாயைத் திறந்தேன்.
வந்தது,
துவாரகன்.

பொலிசுக்கும் அப்புக்காத்துக்கும்
அவன் தாய்க்கும்கூட
"அந்தப் பொடியன்" என்றே சொல்லி வந்திருந்தேன்.
துவாரகன். பதினெட்டு வயசு.
கழுத்தில் நீலக் கயிறு.
தண்ணீருக்குள் பாயமுன் மூக்கைப் பொத்துவான்,
கடற்காரன் மூக்கைப் பொத்துவதா என்று
சிரிப்போம்.
துவாரகன், துவாரகன்.
எத்தனை தரமென்று எண்ணவில்லை.
மலையில் மணி அடித்ததாம், லாபிர் சொன்னான்.
எனக்குக் கேட்கவில்லை.

திருந்திவிட்டான் என்று
வெல்ஃபெயர் ஒபீசர் எழுதினார்.
அது எனக்குத் தெரியாது.
பாண் துண்டுக்கு இப்பவும் சண்டை பிடிக்கிறேன்.
ஆனால் விடியப்புறம்
லாபிர் பாயை விரிக்கிற நேரம்
நானும் எழும்பிக் கடல் பக்கச் சுவரைப் பார்த்திருப்பேன்.
முதலில் அவன் பேர்.
அது தொண்டையைக் கீறிக்கொண்டு கடந்த பிறகுதான்
சாமியின் பேருக்கு வழி கிடைக்கிறது.
சில நாள் கடப்பதில்லை.
அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி ஓட்டோ வந்தது, வாளி வந்தது.
பங்கை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்,
சூடு போகுமட்டும்.
ஊருக்குள் அலையும் மான் ஒன்று
கேற் கம்பிக்குள்ளால் மூக்கை நீட்டியது.
கொடுத்தேன்.
உறைப்புத் தாங்காமல் தும்மிவிட்டு
இன்னும் கேட்டது.